தொழிற்பள்ளி விண்ணப்பத்தின் பின்பக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிச்சலிலிருந்து வந்தது. துக்கத்திலிருந்து வந்திருந்தால் ஒப்பாரியாக வந்திருக்கும். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது, ஒப்பாரி எங்கே வைப்பது.

இதை எழுதுகிற தாள் அரசாங்கத்தின் தாள். முன்பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் சில வரிகள், அவற்றின் கீழே கட்டங்கள். எந்தக் கட்டம் எதற்கு என்று எங்கள் தோட்டத்துப் பள்ளி வாத்தியார் பென்சிலால் தமிழில் எழுதிவைத்திருக்கிறார்: பயிற்சி பெறுபவர் பெயர். தொழில். கருவி. எல்லாவற்றுக்கும் கீழே, மற்றவற்றைவிடப் பெரிதாக, அதிகாரியின் முடிவு.

தோட்டப் பள்ளிகளில் தொழிற்கல்வி தொடங்கினால் மானியம் உண்டு என்று அரசாங்கம் சொன்னது. அந்த மானியத்தில் எங்களை வந்தடைந்தது இந்த விண்ணப்பத் தாள்கள் மட்டும்தான். ஒரு கட்டு. ஒவ்வொன்றையும் மூன்று பிரதி நிரப்ப வேண்டும் என்பதால் தாராளமாகவே அனுப்பியிருந்தார்கள். கடைகளில் சாமான் கட்டக்கூடக் காகிதம் இல்லாமல் வாழையிலையில் கட்டித் தருகிற காலம் இது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நான் நூல் கோத்துத் தைத்து நோட்டாக்கிக்கொண்டேன்.

நோட்டை அரிசித் தகரத்துக்குள் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் திறக்காத இடம் அது ஒன்றுதான்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று தாள் போயிற்று.

"திகாம் பத்து ஊருக்கு உள்ளே மூன்று மைலில், பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக

இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். இப்படித் தொடங்கினால் மரங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பேன். மரங்கள் எங்கேயும் போகவில்லை. ஆட்கள்தான் போனார்கள்.

"இரண்டாயிரத்து அறுநூற்று மூன்றாம் ஆண்டு

இது ஜப்பான் கணக்கு. வெள்ளைக்காரன் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. அரசாங்கத் தாளில் எழுதும்போது அரசாங்கத்தின் ஆண்டைப் போடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன். ஆனால் படிக்கிறவர்கள் நடக்கப்போகிற கதை என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது. இது நடந்த கதை. (ஓரளவுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.)

"குணவதிக்குப் பதினாறு வயது. அவளுக்கு ரம்பம் இழுக்கத் தெரியும்."

இது இருக்கட்டும்.

3

குணவதிக்குப் பதினாறு வயது. அவளுக்கு ரம்பம் இழுக்கத் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டியவர் அவளுடைய அப்பா அம்மாசி. அவருக்குத்தான் அது வரவில்லை.

அம்மாசிக்கு நாற்பத்தைந்து வயது. இருபத்தைந்து வருடம் பால் மரம் வெட்டியவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசையும் அவர்தான். அந்த வருடம் ஆவணியில் திடீரென்று அவர் பள்ளிக்கூட மாணவர் ஆனார்.

அது நடந்தது சுற்றறிக்கையால். பள்ளியில் தொழிற்பிரிவு தொடங்கினால், அரசாங்கம் கருவிகள் கொடுக்கும். பயிற்சி பெறுபவருக்கு மாதம் இத்தனை கட்டி எடை என்று அரிசி கொடுக்கும். கையில் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளைப் பட்டை கொடுக்கும். பட்டை கட்டியவரைப் பயிற்சி முடிகிறவரை சயாம் ரயில் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பன்னிரண்டு பேர் வேண்டும்.

பரஞ்சோதி வாத்தியார் சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விண்ணப்பத்தில் வயதுக்குக் கட்டம் இல்லை. அதை எழுதிய அதிகாரி, பள்ளி என்றால் பிள்ளைகள்தானே என்று நினைத்திருக்க வேண்டும். வாத்தியார் அதை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்மாசி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மாசி அண்ணே, ஸ்கூல்ல சேர்றீங்களா?"

"என்னாத்துக்கு சார்? ஜப்பான் பாட்டு கத்துக்கவா?"

"தச்சு வேலை. சேந்தா சயாமுக்குப் போவ வேணாம்."

அதற்குப் பிறகு அம்மாசி கிண்டல் செய்யவில்லை. வைகாசியில் இந்த லயத்து வீடுகளிலிருந்து ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரிடமிருந்தும் தாக்கல் இல்லை.

மறுநாள் பன்னிரண்டு ஆண்கள் குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார்கள். குணவதியின் அம்மா மருதம்மாள் மரவள்ளிக் கூடையோடு அந்த வழியாகப் போனவள் சன்னலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"சிலேட்டு எடுத்துக்கிட்டியா? குச்சியத் தின்னுடாத."

"போடி அந்தாண்ட. பாடம் நடக்குது."

"பாசானா சொல்லு. மாலை வாங்கியாறேன்."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். எந்தக் காரணத்துக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்து சிரித்தார்கள்.

4

இங்கே கதையை நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் கோபம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கருவிகளுக்கான மானியம் எப்போது வரும்? பட்டறை நடப்பதை அதிகாரி நேரில் வந்து பார்த்த பிறகு. பட்டறை எதை வைத்து நடக்கும்? கருவிகளை வைத்து. கருவிகள் எங்கிருந்து வரும்? மானியத்திலிருந்து. இதைப் பரஞ்சோதி வாத்தியார் கடிதமாக எழுதிக் கேட்டார். பதிலாக இன்னொரு கட்டு விண்ணப்பத் தாள் வந்தது.

கடைசியில் அவர்களே கருவி தேடினார்கள். திகாம் பத்துச் சீனத் தச்சரிடம் ஒரு கூடை மரவள்ளிக்கு ஒரு பழைய ரம்பம். தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒரு சுத்தியல். கைப்பிடி இல்லாத இழைப்புளி ஒன்று. மூன்று உளி. பன்னிரண்டு மாணவர்களுக்கு ஆறு கருவிகள். ஆறு பேர் வேலை செய்யும்போது ஆறு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பதும் பயிற்சிதான் என்று வாத்தியார் சொல்லிவைத்தார்.

ரம்பத்தை அம்மாசி மாலையில் வீட்டுக்கு எடுத்து வந்து பழகினார். அவர் இழுத்தால் கோடு ஆற்றைப்போல வளைந்து போயிற்று. பலகையின் மறுமுனையை அமுக்கிப் பிடிக்கிற வேலை குணவதிக்கு. ஒரு நாள் அவள், "நீ பிடிப்பா, நான் இழுக்கிறேன்" என்றாள்.

நேராகப் போயிற்று.

அம்மாசி பலகையை எடுத்துக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தார். "ஏம்மா, நான் இழுத்தா கோணிக்கிட்டுப் போவுது. ரம்பம் ஆள் பாக்குமா?"

குணவதி வாத்தியாரிடம் போய்த் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். வாத்தியார் மாட்டேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை. "உன்னை சயாமுக்குக் கூப்பிட மாட்டாங்கம்மா. உன் பேரை எழுதினா ஒரு ஆம்பளையோட எடம் போவும்" என்றார்.

அந்தப் பதிலில் தப்புக் கண்டுபிடிக்க எட்டு மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன். முடியவில்லை. அதனால்தான் எரிச்சல் அதிகமாகிறது. கற்றுக்கொள்ள விரும்பிய ஒருத்திக்கு இடம் இல்லை. இடம் கிடைத்த பன்னிரண்டு பேருக்கும் கற்றுக்கொள்ள விருப்பம் இல்லை. எல்லாரும் செய்தது சரி.

5

(குணவதியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். வாத்தியார் முன்னால் நின்று அவள் எப்படிக் கேட்டிருப்பாள்? நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டதே, எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காக. அன்று எழுந்தேன், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சிரித்தார்கள். மறுநாளிலிருந்து மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டேன். பிறகு ஜப்பான்காரன் வந்து எல்லாருமே காட்டுக்கு வந்தார்கள். இவளோ நேராகப் போய்க் கேட்கிறாள். இவள் எங்கே வளர்ந்தாள்? எங்கள் லயத்தில் இப்படி ஒரு பெண் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இருந்தாலும் அவளை மாற்றப்போவதில்லை. பின்னால் அவள் எனக்குத் தேவைப்படுகிறாள்.)

6

அதிகாரி வருவதாக முதல் கடிதம் வந்தது. காலை ஒன்பது மணி என்று போட்டிருந்தது.*

பன்னிரண்டு பேரும் விடிவதற்கு முன்பே கருவியும் கையுமாக நின்றார்கள். அதிகாரி வரவில்லை. இரண்டாம் கடிதம் வந்தது. மறுபடியும் நின்றார்கள். ஒரு முழுப் பலகையை வீணாக அறுத்து முடித்தார்கள். வரவில்லை. மூன்றாம் கடிதத்தில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு வாத்தியார் தலையைச் சொறிந்தார். அன்று ஆயுத பூஜை.

"நல்லதாப் போச்சு" என்றார் அம்மாசி.

"என்ன நல்லது? கருவியெல்லாம் பூசையில இருக்குமே. நீங்க தொட மாட்டீங்களே."

"சார், போன வருசம் ஆயுத பூஜை போடல. பால்கத்தி துருப்பிடிச்சுக் கிடக்கு, எதுக்குப் பூசைன்னு விட்டுட்டோம். வைகாசியில ஏழு பேரு போனாங்க. இந்த வருசமும் விடச் சொல்றீங்களா?"

வாத்தியார் சரி என்று கடிதத்தை மடித்தார். தவிர, அதிகாரி வரப்போவதில்லை என்று அவரும் நம்பினார். இரண்டு முறை வராதவன் மூன்றாம் முறை மட்டும் எதற்கு வரப்போகிறான்?

* ஒன்பது மணி என்றால் தோக்கியோவில் ஒன்பது மணி; ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் கடிகாரங்களை அந்த நேரத்துக்கு மாற்றிவிட்டான். எங்கள் சேவல்களுக்கு யாரும் கடிதம் போடாததால் அவை பழைய நேரத்துக்கே கூவின. அந்த ஒன்பது மணிக்கு எங்கள் வாசலில் வெயில்கூடச் சரியாக ஏறியிருக்காது.

7

வந்தான்.

கார் பள்ளி முன்னால் நின்றபோது பட்டறை, பூஜை அறையாக இருந்தது. பெஞ்சின் மேல் வெள்ளைத் துணி. அதன் மேல் ரம்பமும் சுத்தியலும் இழைப்புளியும் மூன்று உளியும், எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, காட்டுச் செம்பருத்தி சூட்டி. பொரிக்குப் பதிலாக வறுத்த மரவள்ளித் துண்டு. கற்பூரம் கிடைக்காததால் ரப்பர் விதையை நசுக்கி ஏற்றிய விளக்கு, கரும்புகை விட்டுக்கொண்டிருந்தது. பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. கருவிகளின் மேல் இன்னொரு துணியை மூடியிருந்தார்கள். இனி மறுநாள் காலை மறுபூஜை போட்டு, பூசாரி முதலில் எடுத்துக் கொடுத்த பிறகுதான் யாரும் தொடலாம். அதுவரை அவற்றுக்கு ஓய்வு.

ஜப்பான் அதிகாரியோடு மொழிபெயர்க்க வந்தவர் தர்மலிங்கம். சுங்கைப்பட்டாணியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். கடையில் துணி தீர்ந்த பிறகு அரசாங்கத்தில் சேர்ந்தவர். உள்ளே நுழைந்ததும் துணியைப் பார்த்தார், அம்மாசியின் நெற்றியைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார்.

அதிகாரி ஏதோ சொன்னார்.

"வேலை செஞ்சு காட்டச் சொல்றாரு" என்றார் தர்மலிங்கம்.

யாரும் அசையவில்லை.

"இன்னிக்கு முடியாது தம்பி" என்றார் அம்மாசி. "நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. பத்துப் பலகை அறுத்துக் காட்டுறேன்."

"அண்ணே, நானும் வீட்டுல பூசை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். எனக்குப் புரியுது. அவருக்குப் புரியாது. நாளைக்கு வரமாட்டாரு."

"நீங்க எடுத்துச் சொல்லுங்க."

தர்மலிங்கம் எடுத்துச் சொன்னார். அதிகாரி ஒரு கேள்வி கேட்டார்.

"கருவிக்கு லீவான்னு கேக்குறாரு."

"ஆமான்னு சொல்லுங்க. வருசத்துக்கு ஒரு நாள்தான்."

அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இடது கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினார்.

"அஞ்சு நிமிசம் பாப்பாராம். அப்புறம் புத்தகத்த மூடிருவாராம்." தர்மலிங்கத்தின் குரல் இறங்கியது. "அண்ணே, யாராச்சும் ஒருத்தர். ஒரே ஒரு இழுப்பு. உங்க சாமிக்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

பதினொரு பேரும் அம்மாசியைப் பார்த்தார்கள். அம்மாசி துணியைப் பார்த்தார். அவர் பயந்தது சாமிக்கா, அல்லது ரம்பத்தை எடுத்தால் கோணல்மாணலாகப் போய் அதிகாரி முன்னால் குட்டு உடைந்துவிடும் என்பதற்கா என்று குணவதிக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

குணவதி கதவோரமாகச் சந்தனக் கொட்டாங்கச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைக் கீழே வைத்தாள். நேராக நடந்து போய்த் துணியை விலக்கி ரம்பத்தை எடுத்தாள். பூ கீழே விழுந்தது. யாரோ மூச்சை இழுத்தார்கள். பலகையில் முழங்காலை ஊன்றி, கோடு போடாமலே இழுத்தாள். மரத்தூளோடு குங்குமமும் உதிர்ந்தது. பலகை நேராகப் பிளந்து இரண்டு துண்டாக விழுந்தது.

அதிகாரி குனிந்து துண்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். தலையசைத்தார். தர்மலிங்கம் எழுதினார். "பட்டை ரெண்டு வாரத்துல வந்துரும்" என்று அம்மாசியிடம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் குணவதியிடம், "தங்கச்சி, நீதான் வாத்தியாரா?" என்றார்.

8

நன்றாக வந்திருக்கிறது. நான் எழுதியதில் இந்த ஒரு பக்கத்தில்தான் அடித்தல் திருத்தல் இல்லை.

நடந்தது இப்படி. கதவோரமாகச் சந்தனக் கொட்டாங்கச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அம்மாசி என் அப்பா. ரம்பம் எனக்கு நேராகப் போகும் என்பது உண்மை. அதைப் பார்த்தது எங்கள் வீட்டுக்குள் மூன்று பேர்தான். வாத்தியாரிடம் போய் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதும் நான் இல்லை, எனக்காக அப்பா கேட்டார்.

அந்த ஐந்து நிமிடமும் என் கால்கள் எனக்குத் தெரிந்தன. நடக்கச் சொன்னால் நடக்கும் கால்கள்தான். பன்னிரண்டு ஆண்கள், வாத்தியார், தர்மலிங்கம், அதிகாரி, எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அது ஒன்றைத்தான் நினைத்தேன். சாமிகூட நினைவுக்கு வரவில்லை. அப்பா ஒரு முறை கதவுப் பக்கம் பார்த்தார். நான் கொட்டாங்கச்சியைப் பார்த்தேன்.

அதிகாரி புத்தகத்தை மூடினார்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்த இடத்திலேயே, தோட்டத்துக் கணக்கர் கிராணி சயாம் பட்டியலை வாசித்தார். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் இருந்தார்கள். அப்பா பெயர் முதலில். லாரி தயாராக நின்றது. "மறுபூஜை போட்டுட்டு வந்துர்றேன், கால் மணி நேரம்" என்று அப்பா கேட்டார். கிராணி, "திரும்பி வந்து போட்டுக்கலாம், ஏறுங்க" என்றார்.

9

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன. மூன்றும் உதவாது.

அ. குணவதி அறுத்தாள்; பட்டை வந்தது; அம்மாசி பிழைத்தார். இதை எழுதி முடித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கிழித்தேன். (தாளைக் கிழிக்கவில்லை, தாள் வீணாகும். மனதுக்குள் கிழித்தேன்.)

ஆ. குணவதி அறுத்தாள், இரண்டு வாரத்தில் பட்டை வந்துவிடும் என்றார்கள், ஆனால் பதினோராம் நாள் எங்கள் கெடா மாநிலத்தையே ஜப்பான்காரன் சயாம்காரனிடம் கொடுத்துவிட்டான். இது நிஜமாகவே நடந்தது. ஒரு நாள் காலையில் வேறு கொடி ஏறியது. பரஞ்சோதி வாத்தியார் அலோர்ஸ்டார் அரசாங்க ஆபீஸ் வரை சைக்கிள் மிதித்துப் போய் விசாரித்தார். "அது போன அரசாங்கத்து மானியம். இப்போ புதுசா எழுதிப் போடுங்க" என்றார்களாம். எத்தனை மாணவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பன்னிரண்டு என்றார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

அப்படியென்றால் நான் ரம்பத்தை எடுத்திருந்தாலும் அப்பா போயிருப்பார். அதை நம்பினால் எனக்குத் தூக்கம் வரும்.

இ. ஆனால் பட்டியல் வாசித்தது மறுநாள் காலையில். கொடி மாறியது அதற்குப் பத்து நாள் கழித்து. அதிகாரி அன்று தலையசைத்திருந்தால், தர்மலிங்கம் கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால், அந்த ஒரு லாரி

இதற்கு மேல் எழுத வரவில்லை. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசாங்கம் மேசை நாற்காலியோடு போய்விட்டது.

10

போன வாரம் அம்மா அரிசித் தகரத்தைத் திறந்தாள். சயாமிலிருந்து அரிசி வருகிறது என்று பேச்சு. தகரத்தைக் கழுவிக் காயவைக்க எடுத்திருக்கிறாள். நோட்டு அகப்பட்டது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னா எழுதியிருக்க? படி."

அம்மா ஒருத்திதானே. ஏழாம் பகுதியைப் படித்தேன். சத்தம் வந்தது. பலகை இரண்டு துண்டாக விழுந்த இடத்தில் அம்மா மரவள்ளி சீவுவதை நிறுத்தினாள்.

"யாரு அந்தப் பொண்ணு? நம்ம லயமா?"

"இல்லம்மா. கதைக்கு எழுதினது."

"நல்ல புள்ள" என்றாள். பிறகு மறுபடியும் சீவத் தொடங்கினாள். கொஞ்சம் கழித்து, தலை நிமிராமலே, "உங்கப்பா பாத்தாரா, அது அறுத்தத?" என்று கேட்டாள்.

அதை நான் எழுதியிருக்கவில்லை. திரும்பத் தேடிப் பார்த்தேன். குணவதி ரம்பத்தை எடுத்த பிறகு அம்மாசியின் முகத்தை எங்கேயும் எழுதவில்லை.

11

அந்த முகத்தை எழுதத்தான் இன்று காலை பள்ளிக்கு வந்தேன். பள்ளி பூட்டுவதில்லை, திருட ஒன்றும் இல்லை. பெஞ்சின் மேல் துணி மூடியபடியே இருக்கிறது. எட்டு மாதமாக ஒருவரும் தொடவில்லை. மறுபூஜை போட வேண்டிய பூசாரி லாரியில் போய்விட்டார். வேறு யாரும் போடத் துணியவில்லை. அதனால் முறைப்படி அந்தக் கருவிகளுக்கு இன்னும் ஓய்வு நாள்தான். அந்த நாள் இன்னும் முடியவில்லை.

அப்பா திரும்பி வந்துதான் எடுக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். நான் எடுத்தால், அவர் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும். எடுக்காவிட்டால் ரம்பம் துருவேறி வீணாகும். அப்போதும் நான் கதவோரமாகவே நின்றவளாவேன்.

துணிக்கு முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. கொட்டாங்கச்சியில் புதிதாகச் சந்தனம் கரைத்துக் கொண்டு வந்திருக்கிறேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

இது கடைசித் தாள். திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் பயிற்சி பெறுபவர் பெயர் என்ற கட்டத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கிறேன். குணவதி இல்லை, என் பெயர். தொழில், தச்சு. கருவி, ரம்பம். அதிகாரியின் முடிவு என்ற பெரிய கட்டத்தை விட்டுவைத்திருக்கிறேன். அதை நிரப்ப வேண்டிய அரசாங்கங்கள் இரண்டும் நிரப்பவில்லை. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

யாருக்கும் தெரியாமல் எழுதுகிறவள் நான். இதைப் படிக்கிறீர்கள் என்றால் எல்லாரும் என்னைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். பரவாயில்லை, பாருங்கள். கடிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

ஐந்து நிமிடம்.